ஐயா காலத்துச் சுழல் டயல் தொலைபேசியை மீண்டும் பேச வைப்பது எப்படி?

கானாடுகாத்தான் வீட்டை மகள் கல்யாணத்துக்காக ஒழித்துச் சுத்தம் செய்தபோது, இரண்டாம் கட்டு அறையில் உங்கள் ஐயா பயன்படுத்திய கறுப்புச் சுழல் டயல் தொலைபேசி கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஃபைபர் பெட்டியின் பின்புறம் செருகிப் பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை, டயலில் பெரிய எண்ணைச் சுற்றினால் திரும்பும் வழியில் தயங்கி நிற்கிறது, காரைக்குடியில் ஒருவர் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு சிம் போட்டுப் பேசும் மொபைல் போர்டு வைத்துத் தருவதாகச் சொல்கிறார், கொடுத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கருவிக்கு உயிர் இருக்கிறதா என்பது ஒன்று. இன்று உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்புக்கு அந்தக் கருவியின் பாஷை புரியுமா என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே சோதிக்காமல் ‘டெட்’ என்று முடிவு கட்டியதால், நல்ல நிலையில் இருந்த எத்தனையோ தொலைபேசிகள் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே இருப்பதை எடுக்க யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தொலைபேசித் துறையில் எக்ஸ்சேஞ்சிலும் (இணைப்பகத்திலும்), பிறகு சந்தாதாரர் வீடுகளுக்குச் சென்று பழுது நீக்கும் பிரிவிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சிவகங்கை மாவட்டத்துக் கிராமங்களில் இத்தகைய கருவிகளை நிறையவே திறந்து மூடியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகும் இந்த வேலை கையை விட்டுப் போகவில்லை. ஆனால் உங்கள் கருவியை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே எல்லாச் சுழல் டயல் கருவிகளுக்கும் பொருந்துவதை உறுதியாகவும், உங்கள் கருவியைப் பற்றிய ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

கருவி எந்த வகை என்று பார்ப்பதிலிருந்து தொடங்குவோம். சென்னையில் முதல் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் 1882-இல் வந்தது. 1948-இல் பெங்களூரில் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலை தொடங்கும்வரை நம் நாட்டுக்கான கருவிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே இறங்கின; ஐ.டி.ஐ. செய்தவையும் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கருவிகளின் சாயலில்தான் இருந்தன. அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள். ஐ.டி.ஐ. என்ற எழுத்தோ இங்கிலாந்து நிறுவனத்தின் பெயரோ அச்சில் வார்க்கப்பட்டிருந்தால் அது அசல் கருவி என்பதற்கு நல்ல சான்று. பக்கத்தில் கைப்பிடி வைத்துச் சுழற்றும் மேக்னெட்டோ கருவியும், டயலே இல்லாமல் ரிசீவரை எடுத்தவுடன் ஆபரேட்டர் பேசும் கருவியும் தனி வகைகள். உங்களுடையதில் டயல் இருப்பதால், அது தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்காகச் செய்யப்பட்டது. வீட்டில் கிடைத்தது என்பதால் போலியாக இருக்கும் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் தொலைபேசி வாங்க நினைக்கும் மற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பித்தளைப் பூவேலையும் மரப்பீடமுமாக மின்னுபவற்றில் பெரும்பகுதி அலங்காரத்துக்காக அண்மையில் செய்தவை. டயலைச் சுற்றி விட்டால் சீராக ‘கிர்ர்’ என்று திரும்ப வேண்டும், கருவியை லேசாக அசைத்தால் மணிக்கிண்ணம் முனக வேண்டும், தூக்கினால் கை கனக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாதது பெரும்பாலும் பொம்மை.

இனி இது வேலை செய்யும் விதம். தெரிந்துகொண்டால் சோதனைகள் எல்லாம் தாமாகவே விளங்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு கம்பிகளுக்கு இடையே ஏறக்குறைய 48 வோல்ட் டி.சி. மின் அழுத்தம் எப்போதும் நிற்கும். ரிசீவர் கீழே இருக்கும்போது மின்சாரம் ஓடாது. எடுத்தவுடன் கருவிக்குள் சுற்று மூடி, 20 முதல் 40 மில்லி ஆம்பியர் ஓடத் தொடங்கும்; எக்ஸ்சேஞ்ச் அதைக் கண்டு டயல் டோன் தரும். டயலை ஓர் எண்ணுக்கு இழுத்து விட்டால், அது திரும்பும் வழியில் அந்த மின்னோட்டத்தை அத்தனை முறை துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கும். 5 என்றால் ஐந்து துண்டிப்பு; 0 என்றால் பத்து. நொடிக்குப் பத்து என்பதே வேகம். ஒவ்வொன்றுக்கும் உள்ள 100 மில்லி நொடியில் மூன்றில் இரண்டு பங்கு துண்டித்தும் ஒரு பங்கு சேர்ந்தும் இருக்க வேண்டும். இதுதான் பல்ஸ் முறை. இன்றைய பொத்தான் தொலைபேசிகள் இதற்குப் பதிலாக ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு சுரங்களைச் சேர்த்து அனுப்புகின்றன; அது டோன் முறை. இங்கே ஒரு வார்த்தை: உங்கள் ஐயா இந்த டயலைச் சுற்றி நேரடியாகச் சென்னைக்கோ பினாங்குக்கோ பேசியிருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதியின் முதல் தடமே நாட்டில் 1960 நவம்பரில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையேதான் வந்தது. அது நம் ஊர்களுக்கு வந்து சேரும்வரை உள்ளூர் எண்களுக்கும், டிரங்க் கால் என்ற வெளியூர் அழைப்பைப் பதிவு செய்யும் ஆபரேட்டருக்கும்தான் இந்த டயல் சுழன்றிருக்கும்.

திறப்பதற்கு முன் லைன் கம்பியைக் கழற்றிவிடுங்கள். 48 வோல்ட் பெரிதாக எதுவும் செய்யாது. ஆனால் மணி அடிக்கும்போது அதே கம்பியில் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் வரும், அது நன்றாகவே சுண்டும். அடித்தட்டுத் திருகுகளை, பொருந்தும் அளவுள்ள திருப்புளியால் மட்டும் கழற்றுங்கள். மேல்கூடு பேக்கலைட் என்ற பழைய காலத்து பிளாஸ்டிக் என்றால் கெட்டியாகத் தெரியுமே தவிர, ஆத்தங்குடிக்கல் தரையில் ஒருமுறை விழுந்தால் பிளந்துவிடும். தரையில் ஜமக்காளம் விரித்து அதன்மேல் வைத்து வேலை செய்யுங்கள். எந்தக் கம்பியைக் கழற்றுவதற்கு முன்பும், அது எந்த முனையில் எந்த நிறத்தில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்படி மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீடுகளில் கிடைக்கும் கருவிகளுக்குள் நான் வழக்கமாகப் பார்ப்பது மணிக்கிண்ணத்தின் கீழே பல்லி முட்டை ஓடு, குளவி கட்டிய மண்கூடு, சுண்ணாம்புத் தூசு. காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி, காற்றடித்து எடுத்தாலே போதும். தண்ணீரோ மண்ணெண்ணெயோ உள்ளே படக் கூடாது.

அடுத்து, சாதாரண மல்டிமீட்டரும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் எடுத்துக்கொள்ளுங்கள். லைன் சேரும் முனைகளை, பெரும்பாலும் எல்1, எல்2 என்று குறித்திருப்பார்கள், கண்டுபிடித்து அவற்றின் குறுக்கே மின்தடையை அளந்து பாருங்கள். ரிசீவர் கீழே இருக்கும்போது மீட்டர் எதையும் காட்டக் கூடாது. தொட்ட கணத்தில் ஒருமுறை துள்ளி அடங்கினால் அது கண்டென்சர் (மின்தேக்கி) நிரம்புவது, நல்ல அறிகுறி. கீழே வைத்திருக்கும்போதே நிலையான ஒரு தடையைக் காட்டினால் கண்டென்சர் கசிகிறது. அந்த நிலையில் இணைத்தால், ரிசீவரை யாரோ எடுத்தே வைத்திருப்பதாக லைன் நினைத்துக்கொள்ளும். ரிசீவரை எடுத்தால் நூறு முதல் முந்நூறு ஓம் அளவில் ஒரு தடை தெரிய வேண்டும். வாய்ப்பக்கத்தில் ஊதினால் அந்த எண் நடுங்க வேண்டும். நடுங்கினால் மைக் உயிரோடு இருக்கிறது. பிறகு மீட்டரை எடுத்துவிட்டு அதே முனைகளில் 9 வோல்ட் பேட்டரியை இணைத்து, ரிசீவரைக் காதில் வைத்து ஊதுங்கள். உங்கள் மூச்சு உங்கள் காதிலேயே மெல்லக் கேட்டால் மைக், காதுப்பக்கம், கயிற்றுக்கம்பி, ரிசீவர் தாங்கியின் கான்டாக்ட் ஆகிய நான்கும் ஒரே சோதனையில் தேறிவிட்டன.

கேட்கவில்லை என்றாலும் பதற வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன், ஆண்டுக்கணக்கில் கிடந்த கருவிகளில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருப்பதில்லை. கான்டாக்ட் முனைகளில் படிந்த கறுப்புப் படலமே மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். ரிசீவரை வைக்கும் தாங்கி மேலும் கீழும் போகும்போது உள்ளே வெள்ளித்தகடுபோல் சில நாக்குகள் ஒன்றையொன்று தொட்டு விலகும். ஒரு விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி, நுனியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அந்த இரண்டு நாக்குகளுக்கு இடையே வைத்து, அவை தாமாகப் பிடித்திருக்கும் அழுத்தத்திலேயே பட்டையை வெளியே இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை புதிய பட்டைகளால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உப்புத்தாள், அரம், பிளேடு ஆகியவற்றால் சுரண்டினால் மேலே இருக்கும் விலையுயர்ந்த பூச்சு போய்விடும். ஒரு மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு முன்னிலும் மோசமாகும்.

டயல் தயங்குகிறது என்று சொன்னீர்களே, அதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. டயலின் பின்புறத்தில் சுருள்வில் ஒன்று இருக்கிறது. நீங்கள் இழுக்கும்போது முறுக்கேறி, விட்டதும் அதுவே டயலைத் திருப்பிக் கொண்டுவருகிறது. அந்த வில் தன் போக்கில் விரைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது கவர்னர் என்ற சிறு உறுப்பு. வேகமாகச் சுழலும்போது அதன் இரண்டு சிறு எடைகள் வெளிப்புறம் விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தின் சுவரில் உரசி வேகத்தைப் பிடித்து நிறுத்தும். தயங்கும் டயலில் பெரும்பாலும் பற்சக்கர அச்சுகளில் போட்ட பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். இங்கேதான் வீட்டில் உள்ளவர்கள் தேங்காய் எண்ணெயையோ தையல் மெஷின் எண்ணெயையோ ஊற்றிவிடுகிறார்கள். கவர்னர் கிண்ணத்துக்குள் எண்ணெய் போனால் உரசல் இல்லாமல் டயல் பறக்கும். நொடிக்குப் பத்து என்ற கணக்கு போய்விடும். தேங்காய் எண்ணெய் என்றால் சில காலத்தில் அதுவும் பிசினாகிவிடும். சரியான வழி: ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் பழைய பிசினைக் கரைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு அச்சு முனைகளில் மட்டும் வைப்பது. டயல் திரும்பும்போது விரலால் தள்ளி உதவவும் கூடாது, பிடித்து நிறுத்தவும் கூடாது.

வேகம் சரியா என்று பார்க்க இன்று எல்லோரிடமும் கருவி இருக்கிறது. மொபைலை டயலுக்குப் பக்கத்தில் வைத்து, 0 சுற்றி, திரும்பும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். கணினியில் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்தால் அலைவடிவத்தில் வரிசையாகப் பத்து முட்கள் தெரியும். முதல் முள்ளிலிருந்து பத்தாவது முள் வரைக்கும் 0.9 நொடி இருந்தால் மிகச் சரி. 0.8-க்கும் 1.0-க்கும் இடையே எங்கு இருந்தாலும் பெரும்பாலான சாதனங்கள் ஏற்றுக்கொள்ளும் என்பது என் அனுபவம். முட்கள் ஒழுங்கில்லாமல் நெருங்கியும் விலகியும் இருந்தால் இன்னும் பிசின் மீதம் இருக்கிறது. சீராக இருந்தும் வேகம் கூடுதலாக இருந்தால் கவர்னரின் எடைகளைத் தாங்கும் மெல்லிய தகடுகளை வெளிப்புறம் மயிரிழை வளைக்க வேண்டியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம், பழைய கைக்கடிகாரங்களைத் திறந்து பழகிய ஒருவரிடம் கொடுங்கள். இன்னொரு குறிப்பும் உண்டு. டயல் சுழன்று திரும்பும்போது காதில் ஓசை அநேகமாக அடங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் காதுப்பக்கத்தின் ஓசையை அடக்கி வைக்க டயலிலேயே தனி கான்டாக்ட் இருக்கிறது. ‘டக் டக்’ என்று காதில் அறைந்தால் அந்தக் கான்டாக்டைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

மைக் பற்றிச் சுருக்கமாக: அதற்குள் கரித்துகள் நிரம்பியிருக்கிறது, பேச்சின் அழுத்தத்தில் துகள்கள் நெருங்கியும் தளர்ந்தும் மின்தடை மாறுவதால்தான் குரல் மின்சாரமாகிறது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தால் துகள்கள் ஈரம் வாங்கிக் கட்டி தட்டிவிடும். மைக்கைத் தனியே கழற்றி, திருப்பித் திருப்பி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் பல நேரம் உயிர் வந்துவிடும். அடுப்பில் காட்டுவது வேண்டாம். காதுப்பக்கத்தை 1.5 வோல்ட் பேட்டரியால் தொட்டுப் பார்த்தால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். ரிசீவர் கயிறு துணி சுற்றியதாக இருந்தால், உள்ளே இருப்பது நூலின்மேல் சுற்றிய செப்புச் சரிகை. அதில் சால்டர் எளிதில் நிற்காது, நுனியில் நூலைக் கட்டிக் கொக்கி முனையை நெரித்துத்தான் பொருத்துவார்கள். கண்டென்சர் கசிந்தால் மட்டும் தயங்காமல் மாற்றுங்கள். 2 மைக்ரோ ஃபாரட் அளவில், 250 வோல்ட்டுக்குக் குறையாத ஃபிலிம் கண்டென்சர் மின்னணுக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். பழைய உலோகப் பெட்டியை எறியாமல் இருந்த இடத்திலேயே விட்டு, அதன் கம்பிகளை மட்டும் பிரித்து, புதியதைப் பக்கத்தில் வைத்துவிடலாம்.

மணியைப் பற்றி எழுதுவதில் எனக்குத் தனி ஆசை உண்டு, ஏனென்றால் இந்தக் கருவியை வீடு முழுவதும் நினைவு வைத்திருப்பது அதன் மணியால்தான். பெரும்பாலான ஆங்கிலேயச் சாயல் கருவிகளில் தலா 500 ஓம் உள்ள இரண்டு காயில்கள் தொடராக இணைந்திருக்கும். இரண்டையும் சேர்த்து அளந்தால் மீட்டர் 1000 ஓம் அருகே காட்ட வேண்டும். அளவு சரியாக இருந்தும் மணி அடிக்காவிட்டால் முனைகளுக்கு இடையே இருக்க வேண்டிய இணைப்புத் துண்டு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு யாராவது வளவில் தனி மணி வைப்பதற்காக அதை எடுத்திருக்கலாம். அடிக்கிறது, ஆனால் கரகரக்கிறது என்றால் வேலை எளிது. மணிக்கிண்ணத்தின் திருகுத் துளை நடுவில் இருப்பதில்லை, வேண்டுமென்றே சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள். திருகை அரைச்சுற்றுத் தளர்த்தி, கிண்ணத்தை மெல்லத் திருப்பினால் அதன் விளிம்பு சுத்தியலை நெருங்கும், விலகும். சுத்தியல் கிண்ணத்தைத் தொட்டபடி நிற்கக் கூடாது. அடித்த கணமே விலகி வர வேண்டும். விரலால் சுத்தியலைத் தட்டிக் கேட்டுக்கொண்டே இரண்டு கிண்ணங்களையும் திருப்புங்கள். ஓரிடத்தில் கரகரப்பு போய், ஓசை நீண்டு இழையும். அங்கே திருகை இறுக்கிவிடுங்கள்.

கருவி தயாரானதும் லைனுக்கு வருவோம். முதல் சோதனைக்குப் பழைய தொலைபேசியே வேண்டாம். ஃபைபர் பெட்டியில் தொலைபேசிக்கு என்று குறித்த துளையில் சாதாரணப் பொத்தான் தொலைபேசி ஒன்றைச் செருகி டயல் டோன் வருகிறதா என்று பாருங்கள். இணைய வசதி மட்டும் வாங்கியிருந்தால் அந்தத் துளையில் குரல் இணைப்பைத் திறந்திருக்க மாட்டார்கள். நீங்கள் செருகியபோது சத்தமே வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். டோன் வந்தால், பழைய கருவியின் இரண்டு லைன் கம்பிகளை ஆர்ஜே11 என்ற சிறு தொலைபேசி பிளக்கின் நடு இரண்டு முனைகளோடு சேர்த்துச் செருகி, ரிசீவரை எடுத்து, 1 சுற்றுங்கள். டோன் நின்றால் பெட்டி உங்கள் பல்ஸைக் கண்டுகொண்டது. நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பல்ஸ் புரியவில்லை. டயலையே நம்ப முடியாத நிலையில், தாங்கியை ஒருமுறை சட்டென்று தட்டி எடுத்தும் இதே சோதனையைச் செய்யலாம். தட்டுவதும் ஒரு துண்டிப்புதானே. செப்புக் கம்பி லைன் இன்னும் இருக்கும் வீடுகளிலும் இந்தச் சோதனை பொருந்தும். நம் நாட்டிலேயே உருவாக்கிய சி-டாட் மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் பல்ஸ், டோன் இரண்டையும் ஏற்றவை.

பெட்டிக்குப் பல்ஸ் புரியாவிட்டால் மூன்று வழிகள் இருக்கின்றன. பல்ஸை டோனாக மாற்றும் சிறு பலகையை வாங்கி, கருவிக்குள் இருக்கும் காலி இடத்தில் வைப்பது ஒன்று. லைன் மின்சாரத்திலேயே ஓடும் வகையை வாங்குங்கள். அசல் உறுப்பு எதையும் எடுக்க வேண்டியிராது. பல்ஸை ஏற்கும் இணையத் தொலைபேசி இணைப்பான் வைப்பது இன்னொன்று. கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801, எச்டி802 ஆகியவற்றின் அமைப்புகளில் பல்ஸ் டயலிங் வசதி இருக்கிறது, ஆனால் அதற்கு இணையவழிக் குரல் சேவைக் கணக்கு தனியாக வேண்டும். மூன்றாவது, மொபைலோடு புளூடூத் வழியாகச் சேரும் பெட்டி. மொபைலுக்கு அழைப்பு வந்தால் இந்த மணி அடிக்கும், எடுத்தால் பேசலாம். கல்யாண வீட்டுக்கு இதுவே சுலபம் என்பேன், ஆனால் வாங்கும்போது சுழல் டயலை ஏற்கும் என்று விவரக்குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எல்லாம் ஏற்பதில்லை. மணியை அசைக்கப் போதுமான அழுத்தம் தருகிறதா என்பதும் முக்கியம், இத்தகைய பெட்டிகள் பல எக்ஸ்சேஞ்ச் தருவதைவிடக் குறைவாகவே தருகின்றன. மணி மெதுவாக முனகினால் சுத்தியலைப் பிடித்திருக்கும் மெல்லிய வில்லின் இறுக்கத்தைச் சற்றுக் குறைத்துப் பார்க்கலாம்.

நடைமுறையில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஆக மொத்தம் 11 எண்கள். அதைச் சுற்றி முடிக்க ஏறக்குறைய 20 நொடி ஆகும். சில பெட்டிகள் எண்களுக்கு இடையே அதிக நேரம் காத்திருக்காமல் பாதியிலேயே அழைப்பை அனுப்பிவிடும். அந்த இடைவெளியை நீட்டும் வசதி அமைப்புகளில் இருந்தால் நீட்டிக்கொள்ளுங்கள். ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று கேட்கும் சேவைகளில் டயல் உதவாது, டோன் மாற்றுப் பலகை இருந்தால் மட்டுமே நடக்கும். செப்பு லைன் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியில் ஓடியதால் மின்வெட்டிலும் பேச முடிந்தது. ஃபைபர் பெட்டி கரண்ட் போனால் அணைந்துவிடும், ஆகவே அதற்குச் சிறு யுபிஎஸ் வையுங்கள். செப்புக் கம்பி வெளியிலிருந்து வரும் வீடாக இருந்தால், ஐப்பசி இடிமழைக்கு முன் லைனில் மின்னல் தடுப்பான் போடாமல் இந்தக் கருவியை இணைக்க வேண்டாம்.

வெளி இணைப்பே வேண்டாம் என்றாலும் அந்தக் கருவிக்கு வீட்டுக்குள் வேலை இருக்கிறது. முகப்பிலிருந்து அடுப்படிக் கட்டு வரை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு உங்களுடையது. கல்யாண நாளில் முகப்பில் இருப்பவர் அடுப்படியில் இருக்கும் ஆச்சியைக் கூப்பிட ஆளனுப்ப வேண்டியிருக்கும். பல்ஸை ஏற்கும் சிறிய இன்டர்காம் பெட்டி ஒன்றை வைத்து, இரண்டு முனைகளிலும் இரண்டு பழைய கருவிகளை வைத்தால் மணியும் அடிக்கும், பேசவும் செய்யலாம். பேச்சு மட்டும் போதும் என்றால் இரண்டு கருவிகளையும் ஒரு 9 வோல்ட் பேட்டரியோடு தொடராக இணைத்தாலே குரல் தெளிவாகப் போகும், மணி மட்டும் இராது.

இப்போது மொபைல் போர்டு. அதை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம், அப்படிச் செய்பவர்கள் வழக்கமாக மணிக் காயிலையும், மைக்கையும் காதுப்பக்கத்தையும் லைனோடு சேர்க்கும் தூண்டு சுருளையும் எடுத்து வீசிவிட்டு, மணிக்குப் பதில் சிறு ஸ்பீக்கர் வைத்துவிடுவதுதான். சில ஆண்டுகளில் அந்த போர்டு ஏற்கும் சிம் சேவை நின்றுபோனால் கையில் மிஞ்சுவது வெறுங்கூடு. நான் மேலே சொன்ன மூன்று வழிகளிலும், பிடிக்காவிட்டால் இரண்டு கம்பிகளைக் கழற்றினால் கருவி ஐயா வைத்துவிட்டுப் போன நிலைக்கே திரும்பிவிடும். இதே எண்ணத்தோடு மெருகேற்றும் வேலையையும் செய்யுங்கள். பேக்கலைட் கூட்டைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஈரம் எடுத்து, மெழுகு பாலிஷை மிகக் குறைவாகப் போட்டுத் தேயுங்கள். பித்தளை என்றாலே புளி போட்டு விளக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. குத்துவிளக்குக்கு அது நல்லது, ஏனென்றால் அதைக் கழுவி அலசிவிடுகிறோம். கருவிக்குள் இருக்கும் மணிக்கிண்ணத்தையோ முனைகளையோ அலச முடியாது. திருகின் அடியில் தங்கும் புளிப்பு பச்சைக் களிம்பாகி இணைப்பையே அரித்துவிடும். வளவின் திறந்த முற்றத்தில் வெயில் படும் இடத்தில் கருவியை நிரந்தரமாக வைக்காதீர்கள், கறுப்பு நிறம் நாளடைவில் மங்கிப் பழுப்பேறும்.

அடித்தட்டைத் திறந்த நிலையில் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம், டயலின் பின்புறம் ஒரு படம், ரிசீவர் கீழே இருக்கும்போதும் எடுத்தபோதும் மீட்டர் காட்டும் இரண்டு அளவுகள், பொத்தான் தொலைபேசியைச் செருகியபோது டோன் வந்ததா இல்லையா என்பது ஆகியவற்றை இங்கே பதிலாகப் போடுங்கள். எந்த முனையில் எந்தக் கம்பி, கண்டென்சரை மாற்ற வேண்டுமா என்பதை அப்போது ஊகமில்லாமல் சொல்லிவிடலாம்.